தனிஸ்லாஸுக்கு நான் பார்த்துக்கொடுத்த பெட்டி

தனிஸ்லாஸ் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். மறைத்தால் மட்டும் யாருக்குத் தெரியாமல் இருக்கப் போகிறது? என் மனைவி ஐரினுக்குத் தெரியும். எங்கள் பாடகர் குழுவில் கஞ்சிரா தட்டுகிற பிள்ளை வரைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் தனிஸ்லாஸ்தான். அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

என் பெயர் டோனி. மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அலுவலக எழுத்தர். வீடு விளாங்குடியில். எங்கள் பங்குக் கோயிலில் பதினெட்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பேஸ் கிட்டார் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போய்க்கொண்டிருக்கும். வாசித்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால் மட்டும் என்னமோ குறையுதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். பதினெட்டு வருடத்தில் என்னைத் தேடி வந்து கைகொடுத்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஆள் தெரியாமல் கொடுத்தவர்கள்.

தனிஸ்லாஸ் பிறந்து வளர்ந்தது செல்லூரில். அவன் அப்பா விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டினார். தறிக்கூடத்துச் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒரே சுவர். காலையில் தறி ஓட ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கிறவரிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூடக் கத்த வேண்டும். பையனுக்குப் பன்னிரண்டு வயதில் யாரோ ஒரு பழைய சாதா கிட்டாரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு கம்பியில் மெல்லிசுக் கம்பிகள் மூன்றும் அறுந்துபோன கிட்டார். புதுக் கம்பி வாங்கிப் போட வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. மிச்சமிருந்த தடித்த மூன்று கம்பிகளிலேயே இவன் வாசித்துப் பழகியிருக்கிறான். தறிச் சத்தத்துக்கு நடுவே அந்தத் தடிக் கம்பிதான் காதுக்கு எட்டுமாம், தறி போடுகிற தாளத்துக்கே விரலை ஓட்டுவானாம்.

இதை அவன் என்னிடம் டீ குடிக்கும்போது சொன்னான், நேற்று ராத்திரி இட்லி சாப்பிட்டேன் என்று சொல்கிற மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது. நான் சம்பளம் கொடுத்து ஒரு மாஸ்டரிடம் நாலு வருடம் முறையாகக் கற்றவன். தாளம் காட்டுகிற மெட்ரோனோம் வாங்கி வைத்து, அது டிக் டிக் என்று அடிப்பதைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி வந்தவன். இவனுக்கோ தறிக்கூடமே இலவசமாக மெட்ரோனோம் அடித்திருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேதியியல் லேப் அசிஸ்டென்டாக வந்தான். அவன் பணியில் சேர்ந்த காகிதங்களை எல்லாம் நான்தான் தட்டச்சு செய்தேன். விளாங்குடியிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். ‘கொஞ்சம் கிட்டார் வாசிப்பேண்ணே’ என்றான். பாவம், பையன் ஆசைப்படுகிறானே என்று பாடகர் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வம்பை விலைக்கு வாங்குவார்கள் என்பார்களே, நான் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

முதல் நாள் என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்து ஒரே ஒரு பாட்டுக்கு வாசித்தான். பகட்டெல்லாம் ஒன்றும் கிடையாது. பாட்டு எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே இவனும் விட்டான். கீபோர்டு வாசிக்கிற ஆல்பின் வாசிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் என் பக்கம் ஒரு தடவை அப்படித் திரும்பியிருப்பாரா அந்த மனுஷன்?

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இவன் வாசித்தான். நான் வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போய்வந்த ஐரின் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“தனிசு வாசிச்சா பாட்டு தரையில ஊனி நிக்கிற மாதிரி இருக்குங்க.”

“நான் வாசிச்சா?”

“நீங்க வாசிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்.”

அந்த ‘வாசிச்சாலும்’ என்பதை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன்.

சொல்லிக்கொண்டே போனால் பட்டியல் நீளும். அவன் தலைமுடி நாற்பதை நெருங்கியும் கொட்டவில்லை. லேபில் பிள்ளைகள் சோதனைக் குழாயை உடைத்தால் அவனிடம் போய் உண்மையைச் சொல்கிறார்கள், என் அலுவலக ஜன்னலுக்கு வந்தால் பொய் சொல்கிறார்கள். கேண்டீன்காரர் அவன் கேட்காமலேயே டீயில் சீனி குறைத்துப் போடுகிறார். இதற்கெல்லாம் ஒரு மனுஷன் பொறாமைப்படுவானா என்று கேட்கலாம். படுவான். ஒன்றில் ஆரம்பித்தால் எல்லாவற்றிலும் வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அவனும் அவன் மனைவி ஆஷ்லினும் பிள்ளைக்காக ஆறு வருடம் காத்திருந்தார்கள். இரண்டு தடவை உண்டாகிக் கலைந்துபோனது. அந்த நாட்களில் அவன் லேபில் கழுவிய குழாய்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருப்பான், எனக்கே பார்க்கப் பொறுக்காது. போன டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது நானும் ஐரினும்தான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தில் கலப்படம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பேஸ் கிட்டாருக்குச் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்று வேண்டும், அந்த ஆம்ப் தருகிற சத்தத்தை வெளியே விட ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வேண்டும். எங்கள் கோயிலில் ஆம்ப் நன்றாகத்தான் இருந்தது. பெட்டிதான் வயசாளி. இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு அன்று, ஓசன்னா பாட்டின் நடுவே, உள்ளே ஸ்பீக்கர் கிழிந்து சேலை கிழிகிற சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. ஈஸ்டர் முழுக்க என் கிட்டாரை மைக் செட்டிலேயே சொருகி வாசித்தேன். தூணில் தொங்குகிற அந்த ஒல்லி ஸ்பீக்கர்களில் பேஸ் வராது, கொசு ரீங்காரம்தான் வரும்.

ஜூன் மாதக் கடைசி வாரம், தனிஸ்லாஸ் என் ஜன்னலுக்கு வந்தான்.

“அண்ணே, பேஸ் பொட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். இருபதாயிரத்துக்குள்ள முடிக்கணும். நீங்க கூட வந்து பாத்துத் தரணும்.”

“யாருக்கு?”

“கோயில்ல வைக்கத்தான்ணே. திருவிழாவுக்குள்ள வாங்கிரணும். வேற ஒண்ணும் இப்பக் கேக்காதீங்க.”

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் பாடகர் குழுவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வாத்தியம் யாருடையதோ அவர்தான் வாசிப்பார். இன்னாசியம்மாள் டீச்சர் இருபத்தைந்து வருடம் ஆர்மோனியம் வாசித்தவர். ஆல்பின் சொந்தக் காசில் கீபோர்டு வாங்கிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, டீச்சரை யாரும் போ என்று சொல்லவில்லை. ஆர்மோனியத்தை மட்டும் சுவரோரம் தள்ளி வைத்தார்கள். மறுவாரம் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது இவன் பெட்டி வாங்குகிறான். ஜூலையில் பங்குத் திருவிழா. மறைமாவட்டத்துக்கே தலைவரான ஆயர் வருவார், கேபிள் டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள். அதற்குள் வாங்கவேண்டுமாம். என்னைச் சுவரோரம் தள்ளுவதற்கான பெட்டியை நானே வந்து பார்த்துத் தர வேண்டுமாம்.

“போறீங்களா?” என்றாள் ஐரின்.

“போறேன். கூப்பிட்டானே.”

“இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுக்குப் பேசாம வீட்டுல இருங்க.”

போனேன். சனிக்கிழமை சாயங்காலம், டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. கடைக்காரர் வெங்கடேஷ்பாபு வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், ஸ்பீக்கர் என்று வந்துவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டுக் கையால் பேசுவார். சின்ன அறை. சுவர் முழுக்கக் கிட்டார்கள், தரையில் கம்பளம், மூலையில் உறை போட்ட தபேலாக்கள்.

எங்கள் பணத்துக்குள் இரண்டு பெட்டிகள் தேறின. ஒன்று சின்னது. உள்ளே பத்து இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு. இடுப்பு உயரம்கூட இல்லை, கறுப்புத் துணி போர்த்திப் பரம சாதுவாக நின்றது. இன்னொன்று பெரியது. பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, முன்னால் பளபளவென்று இரும்பு வலை, நாலு மூலைக்கும் எவர்சில்வர் மாதிரி பூண், அடியில் சக்கரம். கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒரு மிதப்பு அதற்கு. விலையில் இரண்டுக்கும் ஐநூறு ரூபாய்தான் வித்தியாசம்.

பேஸ் பெட்டி பார்ப்பது எனக்குக் கைவந்த கலை. முதலில் எங்கள் ஆம்புக்குப் பின்னால் எழுதியிருக்கிற, மின்தடையைச் சொல்கிற ஓம் கணக்கும் பெட்டியின் ஓம் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே எட்டு ஓம், ஒத்துப்போனது. அதில் நான் பொய் சொல்லமாட்டேன், சொன்னால் ஆம்ப் புகைந்துவிடும், அது கோயில் சொத்து. ஆம்ப் தருகிற வாட்டைப் பெட்டி தாங்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் தாங்கும். கடைசியாகப் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பெட்டியின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். சின்னதைத் தட்டினேன். டக் என்று கெட்டியாகச் சொன்னது. பெரியதைத் தட்டினேன். டொம்ம்ம் என்று இழுத்தது. பலகை மெலிசு, உள்ளே முட்டுக்கட்டை கொடுக்கவில்லை. வாசித்தால் ஸ்பீக்கரோடு சேர்ந்து பெட்டியும் பாடும்.

அந்தக் கடையில் அது தெரியாது. கம்பளம் பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். எங்கள் கோயில் அப்படி இல்லை. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், திரை என்று ஒரு முழத்துணி கிடையாது. பங்குத்தந்தையின் பிரசங்கமே அங்கே இரண்டு தடவை கேட்கும். அந்த இடத்தில் பெரிய பெட்டியை வைத்தால் ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் மேலே வந்து விழும். யார் வாசித்தாலும் கூழ்தான்.

தனிஸ்லாஸ் இரண்டிலும் வாசித்துப் பார்த்தான். சின்னதில் கொஞ்சம் அதிக நேரம் வாசித்தான். ஒவ்வொரு சுரமும் ஆணி அடித்த மாதிரி நின்றது. பெரியதில் இரண்டு நிமிடம். அறை அதிர்ந்தது, தொங்கிய கிட்டார்கள் ஆடின.

“ஹாலுக்குன்னா சின்னதுதான் சார்...” என்று வெங்கடேஷ்பாபு கையை விரித்துத் தொடங்கினார்.

நான் வெட்டினேன். “எங்க கோயிலு உங்களுக்குத் தெரியாதுண்ணே. திருவிழான்னா ஆயிரம் பேரு நிப்பாங்க. இம்புட்டுக்காணு பொட்டி எந்த மூலைக்கு?”

தனிஸ்லாஸ் கிட்டாரைக் கழற்றி என்னிடம் நீட்டினான். “நான் வாசிச்சதை விடுங்கண்ணே. நீங்க ரெண்டுலயும் வாசிச்சுப் பாருங்க. உங்களுக்கு எது புடிச்சிருக்கு?”

உட்கார்ந்து வாசித்தேன். சின்னப் பெட்டியில் என் விரலே எனக்கு அழகாகக் கேட்டது. பதினெட்டு வருடம் நான் வாசித்தது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும், பழைய பெட்டிதான் கெடுத்திருக்கிறது என்று தோன்றியது. அடுத்த நொடியே, இந்தப் பெட்டியில் இவன் வாசித்தால் ஆயரே பலிபீடத்திலிருந்து திரும்பிப் பார்ப்பார் என்றும் தோன்றியது. இன்னாசியம்மாள் டீச்சர் பெஞ்சில் செபமாலை உருட்டியது கண்ணுக்கு முன்னால் வந்தது.

“பெருசுதான் தனிசு. கண்ண மூடிக்கிட்டு எடு.”

“நெசமாவாண்ணே? உங்களுக்கு அதுதான் புடிச்சிருக்கா?”

“அதான் சொல்றேன்ல.”

வெங்கடேஷ்பாபு என்னை ஒரு பார்வை பார்த்தார். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனைப் பார்க்கிற பார்வை. பில் போடும்போது, “ஏழு நாளைக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தாரேன் தம்பி” என்றார், என்னைப் பார்க்காமல்.

பெட்டியை லோடு ஆட்டோவில் ஏற்றினோம். தனிஸ்லாஸ் என்னை விடாமல் இழுத்துக்கொண்டுபோய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். “உங்க காது இல்லைன்னா நான் திண்டாடிப் போயிருப்பேண்ணே” என்றான். நான் பாதியிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டுதான் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏழு நாள் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவான், நாளைக்குக் கண்டுபிடித்துவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் பெட்டியில் வாசித்துப் பார்க்கவே இல்லை. குழந்தை தூங்குகிறது, திருவிழாவுக்கு முன்னால் தொடக்கூடாது என்று ஆஷ்லின் சொல்லிவிட்டாள் என்றான். எனக்குக் காரணம் புரியவில்லை. வியாழக்கிழமை மனசு கேட்காமல் லேப் வரைக்கும் போய்விட்டேன். தனிசு, அந்தப் பெரிசு வேண்டாம், சின்னதையே மாற்றிக்கொள்வோம், நான் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதான். நாலே வார்த்தை. வாசலில் கால் வைத்தபோது உள்ளே தமிழ் டீச்சர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “திருவிழாப் பூசைக்கு நீங்கதானே தனிசு வாசிக்கணும்? டோனி சார் வாசிச்சா எனக்குத் தூக்கம் வருது.”

தனிஸ்லாஸ் என்ன பதில் சொன்னான் என்று நான் நின்று கேட்கவில்லை. திரும்பி என் ஜன்னலுக்கே வந்துவிட்டேன். சனிக்கிழமையோடு ஏழு நாள் முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. கொடியேற்றம் முடிந்து, திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் செபமான நவநாள் நடந்துகொண்டிருந்தது. காணிக்கைப் பாட்டு தொடங்கியது. நான் மைக் செட்டில் கொசு ரீங்காரம் வாசித்துக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பவனியில் வழக்கம் போலப் பூமாலை, மெழுகுவர்த்தி, பழத்தட்டு. அவற்றுக்குப் பின்னால் நாலு பேர் அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் வந்தார்கள். முன்னால் ஆஷ்லின் குழந்தையை ஏந்திக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் தனிஸ்லாஸ். மைக்கில் அறிவித்தார்கள்: “தனிஸ்லாஸ், ஆஷ்லின் தம்பதியர், தங்களுக்குக் குழந்தை வரம் வேண்டி நேர்ந்துகொண்ட நேர்ச்சைக் காணிக்கையாக, நமது பாடகர் குழுவுக்கு இந்த ஸ்பீக்கர் பெட்டியை ஒப்புக்கொடுக்கிறார்கள்.”

நேர்ச்சையை நிறைவேற்றும் முன் வெளியே சொல்லக்கூடாது என்பது ஆஷ்லின் வீட்டுப் பழக்கமாம். சொன்னால் பலிக்காது, நேர்ந்த பொருளைத் தான் எடுத்துப் புழங்கவும் கூடாது. அதனால்தான் வேறு ஒன்றும் கேட்காதீர்கள் என்றிருக்கிறான். அதனால்தான் அதில் ஒரு சுரம்கூட வாசித்துப் பார்க்கவில்லை.

பங்குத்தந்தை பெட்டியின் மேல் புனித நீர் தெளித்தார். பக்கவாட்டில், வெள்ளைப் பெயிண்டில், குழந்தையின் பெயரும் திருமுழுக்கு நாளும் ஏற்கெனவே எழுதியிருந்தது. இனி அதை எந்தக் கடைக்கும் கொண்டுபோக முடியாது. பிள்ளை வரத்துக்கு நேர்ந்த பெட்டியை, மந்திரித்த பெட்டியை, மாற்றித் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? பார்த்தாயா, சாமியையே சாட்சிக்கு இழுத்து என் இடத்தைப் பிடித்துவிட்டான் என்றுதான் போனது.

பூசை முடிந்ததும் அவன் நேராக என்னிடம் வந்தான். “அண்ணே, இனி இது உங்க பொட்டி. நல்லா வாசிங்க. நாங்க இந்த வாரம் திருநகருக்குக் குடி போறோம். ஆஷ்லின் அம்மா வீட்டுக்குப் பக்கத்துல வீடு கெடச்சிருச்சு. பிள்ளையப் பாத்துக்க ஆளு வேணும்ல? அங்கிட்டுக் கோயில்ல ஏற்கெனவே ரெண்டு பேரு பேஸ் வாசிக்கிறாங்களாம். நான் சும்மா பெஞ்சில உக்காந்து பூசை பாக்கப் போறேன்.”

“வாசிக்காம இருந்துருவியா?”

“பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு எங்கிட்டுண்ணே வாசிக்க?” என்று சிரித்தான்.

வாசிப்பது அவனுக்கு அம்புட்டுத்தான். நான் ராத்தூக்கம் கெட்டுக் கட்டிக்காத்த இடத்தை, அவன் பஸ்ஸில் பாட்டிக்கு எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுப் போகிறான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அவன் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையே என்று அதற்கும் எரிந்தது.

திருவிழா ஞாயிறு வந்தது. ஆயர் வந்தார், கேபிள் டிவி வந்தது. நான் மந்திரித்த பெட்டியில் கிட்டாரைச் சொருகி உட்கார்ந்தேன். என் இடம். ஒருவரும் பிடுங்கவில்லை. முதல் பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. நான் ஒன்று வாசித்தால் பெட்டி அதோடு ஒன்றைச் சேர்த்துப் பாடியது, கூரை மூன்றாவதைச் சேர்த்தது. சத்தத்தைக் குறைத்தால் ஒன்றும் கேட்கவில்லை, கூட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திருவிருந்துப் பாட்டில் ஆல்பின் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. உள்ளங்கையைக் கீழே அழுத்தி, குறை, குறை என்று சைகை காட்டினார். கடைசிப் பாட்டுக்கு, “டோனி, இதுக்கு நீங்க வேணாம், நான் இடது கையில பேஸ் பாத்துக்கிறேன்” என்று காதில் சொல்லிவிட்டார்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்தப் பெட்டி, அதன் விலாவில் குழந்தையின் பெயர்.

பூசை முடிந்து கூட்டம் அன்னதானப் பந்தலுக்கு நகர்ந்தபோது, தனிஸ்லாஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். கடைசிப் பாட்டுக்கு என் கை சும்மா இருந்ததைக் கட்டாயம் பார்த்திருப்பான். இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று நானே ஆரம்பித்தேன்.

“தனிசு... பொட்டி இந்தக் கோயிலுக்குச் சரியில்லடா.”

“தெரியும்ணே” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்பத் தெரியும்?”

“கடையிலயேதான். தட்டுனப்பவே அது இழுத்துச்சுல்ல. எனக்கு அந்தச் சின்னதுதான் புடிச்சிருந்துச்சு.”

“பெறகு ஏன்டா வாங்குன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“வாசிக்கப் போறது நீங்கதானண்ணே?” குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். “உங்களுக்குப் புடிச்சதத்தான் வாங்கித் தரணும்னு ஆஷ்லின்கிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். அதான் ரெண்டு தடவை கேட்டேன். நீங்க பெருசுன்னீங்க. உங்களுக்கு ஏதோ ஒரு சத்தம் புடிச்சிருக்கு, அது என் காதுக்கு எட்டலைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நான் பதினெட்டு வருடம் வாசித்தும் நாலு வருடம் படித்தும் பெற்ற காதை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். இவன் என் பொய்யைக் கேட்டு, தன் காதைச் சந்தேகப்பட்டிருக்கிறான். இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், நல்ல மனுஷனாக இருந்தால் வந்திருக்கும். எனக்கு வந்தது பொறாமைதான். இதுவரை வந்ததிலேயே பெரிய பொறாமை. இப்படி ஒருத்தனை நம்புவதற்கு எங்கே கற்றான் இவன்?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் அதற்குள் குழந்தையின் கையைப் பிடித்து, பெட்டியில் எழுதியிருந்த அதன் பெயரைத் தொட வைத்துக்கொண்டிருந்தான். அப்படியே நிமிர்ந்து கேட்டான்.

“கோயிலுக்குச் சரியில்லாட்டிப் போகுதுண்ணே. நடுவழியில ஒரு விரிப்பு, ரெண்டு திரை போட்டாச் சரியாயிரும். உங்களுக்கு இன்னும் புடிச்சுத்தான இருக்கு?”

“புடிச்சிருக்கு தனிசு” என்றேன்.